கடலிலிருந்து பார்த்தால் எங்கள் குப்பம்

1

போன வசந்தத்தில் ஒரு நாள் மார்லீன் என் படங்களை முன்னும் பின்னுமாகப் பார்த்துவிட்டு, "கஸ்தூரி, உன் கேமரா ஓர் இடத்தில்கூட நனையவில்லையே" என்றாள்.

மார்லீன் எனக்கு ஸ்டோரிபோர்டு சொல்லித்தருகிற ஆசிரியை. என்னைவிட வயதில் சின்னவள். தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள். அவள் பெயருக்குப் பின்னால் ஒரு மேடத்தை ஒட்டாமல் வாயை மூட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அது என்ன ஸ்டோரிபோர்டு என்று ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள். அனிமேஷன் படம் எடுப்பதற்கு முன்னால் முழுக் கதையையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பென்சிலில் வரைந்து, சுவரில் வரிசையாகக் குத்தி வைப்பார்கள். எங்கே நின்று பார்க்கிறோம், யார் முகம் கிட்டத்தில் தெரிய வேண்டும், எப்போது தள்ளிப் போக வேண்டும், எல்லாம் அந்தக் கட்டங்களிலேயே முடிவாகிவிடும். பிறகு அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு கட்டமாகக் கையால் காட்டி, கதையை நடித்துச் சொல்ல வேண்டும். படிப்பின் முடிவில் அதற்கென்று ஒரு நாள் உண்டு. அன்றைக்குப் படக் கம்பெனிக்காரர்கள் வந்து உட்காருவார்கள். பிடித்துப்போனால் யாராவது ஒருவரை வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு எனக்கென்று நான் ஆசைப்பட்டது அந்த ஒரு வேலைக்குத்தான்.

என் கதை எங்கள் ஊர்க் கதை. நான் இப்போது இருக்கிற இந்த டச்சு நாட்டிலிருந்து ஒல்லாந்தர்கள் வந்து, பழவேற்காட்டில் கோட்டை கட்டிக்கொண்டு துணி வியாபாரம் செய்த காலம். பஞ்ச வருஷம். காத்தாயி என்று ஒரு பெண் பிள்ளை. கடலில் தள்ளி நிற்கிற கப்பலுக்கு அவளைக் கொண்டுபோகிறார்கள். அந்த நாளில் நம் கரையிலிருந்து துணி மட்டும் போகவில்லை, ஆட்களையும் அடிமைகளாக ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். இதை நான் இங்கே வந்துதான் படித்தேன். ஊரில் எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.

காத்தாயி மணலில் ஓடுவதை வரைந்திருந்தேன். அவளைப் படகில் தூக்கிப் போடுவது, அவள் அம்மா தண்ணீரில் இறங்கி நிற்பது, படகு அலையைத் தாண்டிச் சின்னதாகிப் போவது. எல்லாமே கரையில் நின்று பார்த்தபடி.

"கதை அவளுடையதுதானே? படகில் ஏறின பிறகு அவள் திரும்பிப் பார்க்க மாட்டாளா? அவள் கண்ணுக்கு உங்கள் கரை எப்படித் தெரியும்? அதை வரை. அதுதான் உன் படத்தின் முடிவு" என்றாள் மார்லீன்.

சரியென்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். டிராமில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தேன். இறங்கும் இடம் வந்தபோதும் தாள் வெள்ளையாகவே இருந்தது. கடலிலிருந்து பார்த்தால் என் ஊர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

2

சிரிக்காதீர்கள். கடலோரத்தில் பிறந்தவளுக்கு இதுகூடவா தெரியாது என்று கேட்பீர்கள். எங்கள் குப்பத்தில் எந்தப் பெண்ணுக்கும் தெரியாது.

கிழக்கே கடல், மேற்கே ஏரி, நடுவில் கிடக்கிற மணல்தான் எங்கள் குப்பம். ஏரியில் எங்களுக்குப் படகுதான் கால். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சினிமாவுக்கும் படகில்தான் போவோம். கல்யாணப் பெண் வந்து இறங்குவதும் ஏரிப் படகில்தான். ஆனால் கடலுக்குப் போகிற படகில் பெண்கள் ஏறுவதில்லை. எந்தச் சட்டமும் இல்லை, ஏறுவதில்லை, அவ்வளவுதான். ஏறினால் என்ன ஆகும் என்று கேட்டால், வலையில் ஒன்றும் மாட்டாது என்பார்கள். கரைக்கு வந்த படகிலிருந்து மீனை அள்ளலாம், ஏலம் கேட்கலாம், படகுக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டலாம். காலைத் தூக்கி உள்ளே வைக்கக் கூடாது.

சின்ன வயதில் ஒரு தடவை, கரையில் ஏற்றி வைத்திருந்த படகுக்குள் நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். நைனா வந்து என்னைத் தூக்கிக் கீழே விட்டார். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அடிக்கவில்லை, திட்டவில்லை. மஞ்சள் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, நான் உட்கார்ந்த இடத்தில் தெளித்தார். அடித்திருந்தால்கூட அன்றோடு மறந்திருப்பேன்.

ஏரிப் பக்கமிருந்து என் ஊரைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். பள்ளிக்கூடம் விட்டு எத்தனை சாயங்காலம் அந்தப் பக்கமிருந்து வீடு திரும்பியிருக்கிறேன். இங்கே மழை பெய்துகொண்டே இருக்கிற நாட்களில், அடுப்படி ஜன்னலோரம் நின்றுகொண்டு அதைத்தான் மனசுக்குள் வரைவேன். படகு நெருங்க நெருங்க வீடுகள் பெரிதாகும், நாய் குரைக்கும், யார் வீட்டிலோ குழம்பு கொதிக்கும். அந்த வாசனைக்கு நான் ஏங்குகிற ஏக்கத்தை யாரிடம் சொல்வது? என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "வஞ்சிர மீன்தானே, சனிக்கிழமை வாங்கிட்டு வரேன்" என்பார். நல்ல மனுஷர். மீஞ்சூர்க்காரர், கரை வாழ்க்கை தெரியாது.

அவருக்கு இங்கே துறைமுகத்தில் வேலை கிடைத்துத்தான் வந்தோம். அதற்கு முன்னால் நான் மீஞ்சூரில் ரயில் பிடித்து, சென்னையில் ஓர் அனிமேஷன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு முயல் கையைத் தூக்க ஆரம்பிக்கிற படத்தையும் தூக்கி முடித்த படத்தையும் வெளிநாட்டிலிருந்து அனுப்புவார்கள். நடுவில் வருகிற கைகளையெல்லாம் நாங்கள் வரைய வேண்டும். முயல் எதற்காகக் கையைத் தூக்குகிறது என்று ஒருவரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அதை முடிவு செய்கிற வேலைக்குப் பெயர் ஸ்டோரிபோர்டு, அதைப் படிக்கலாம் என்று இங்கே வந்துதான் தெரிந்தது. படிக்க டச்சு தெரிய வேண்டும் என்றார்கள். அதற்கே வருஷங்கள் போயின.

3

வந்த புதிதில் நகராட்சி அலுவலகத்தில் பிறந்த ஊரைக் கேட்டார்கள். பழவேற்காடு என்றேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தேடினாள், வரவில்லை. பக்கத்தில் பெரிய ஊர் எது என்று கேட்டாள். அம்மா தாயே, உங்கள் ஆட்கள் அங்கே கோட்டை கட்டி ஆண்டார்கள், செத்தவர்களை அங்கேதான் புதைத்திருக்கிறார்கள், அந்தக் கல்லறையைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடம் போனேன் என்று சொல்ல வாய் துடித்தது. அன்றைக்கு என் கையில் இருந்த டச்சு, நன்றியும் ரொட்டியும் மழையும்தான். சென்னை என்று எழுதிக்கொண்டாள். இன்றைக்கும் இந்த நாட்டுக் கணக்கில் நான் சென்னைக்காரி.

என் மகள் யாழினி இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் டச்சில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கிறது. ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையை இறக்குவதற்கு முன்னாலேயே, "அம்மா, நம்ம கப்பல்கள் உங்க ஊருக்குப் போயிருக்கு, தெரியுமா?" என்றாள்.

நம்ம கப்பல், உங்க ஊர். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். "தெரியுமே" என்று சொல்லிவிட்டு நறுக்கினேன். குழந்தை தப்பாக எதுவும் சொல்லவில்லை. அது அவள் பாடப் புத்தகத்துக் கப்பல், பூங்காவில் அவள் ஏறி விளையாடுகிற மரக் கப்பல். ஆனால் என் பிள்ளை எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று அன்றைக்குத்தான் பளிச்சென்று தெரிந்தது. மறுநாள் உட்கார்ந்து காத்தாயியின் கதையை எழுத ஆரம்பித்தேன்.

மார்லீனுக்கு என்மேல் பாசம் உண்டு. நான் முடிவை வரையாமல் இழுத்தடிப்பதைப் பார்த்து, ஒரு பழைய ஓவியத்தைத் தேடிப்பிடித்துத் திரையில் காட்டினாள். கப்பலில் வந்த ஒல்லாந்தன் ஒருவன் கடலில் இருந்தபடி வரைந்த பழவேற்காடு. முன்னால் கப்பல்கள், பின்னால் கோட்டை, கோட்டையின் மேல் கொடி, ஓரத்தில் பனைமரங்கள். எங்கள் குப்பம் எங்கே என்று பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினேன். கொடியின் மடிப்பு வரைக்கும் வரைந்தவனுக்கு ஒரு குடிசைகூடக் கண்ணில் படவில்லை.

"இதை வைத்து வரைந்துவிடேன்" என்றாள்.

"முடியாது. காத்தாயி கோட்டையைப் பார்க்க மாட்டாள். அவள் தன் அம்மாவைத் தேடுவாள்."

"சரி, அப்போது அவளுக்கு என்ன தெரியும்?"

"கேட்டுச் சொல்கிறேன்."

"யாரிடம் கேட்பாய்?"

"என் அண்ணனிடம்" என்றேன். வகுப்பில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

4

அண்ணன் ஏழுமலை கடலுக்குப் போகிறவன். போன் போட்டேன்.

"ண்ணா, கடல்லேர்ந்து பாத்தா நம்ம கரை எப்டிண்ணா தெரியும்?"

"எப்டின்னா? கரை மாதிரிதான் தெரியும்."

"ஒண்ணொண்ணா சொல்லேன்."

"லைட் அவுஸ் தெரியும். தெக்கால பவர் அவுஸ் பொகக் கொழா தெரியும். இன்னாத்துக்குக் கேக்கற?"

"ஆளுங்க தெரிவாங்களா?"

"ஆளுங்கள நான் ஏன் பாக்கறேன்? வலையப் பாக்கவே கண்ணு பத்தல."

வீடியோ எடுத்து அனுப்பு என்று கெஞ்சினேன். அனுப்பினான். அதில் அவன் கட்டைவிரல் இருந்தது, வானம் இருந்தது, இஞ்சின் போட்ட சத்தத்தில் காது கிழிந்தது. கரை, படத்தின் ஓரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போனது. கீழே "நல்லா கீதா?" என்று கேட்டிருந்தான். நல்லா கீது என்று பதில் போட்டேன். வேறென்ன சொல்ல?

அடுத்த முறை பேசும்போது படகின் இஞ்சின் மக்கர் பண்ணி, மெக்கானிக்கிடம் கிடந்தது. வேறு வீடியோவும் இல்லை, கடைசி நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா அண்ணன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"இன்னாடி அது, சொம்மா சொம்மா அவனப் போட்டு நச்சரிக்கிற?"

காத்தாயியின் கதையைச் சொன்னேன். என் அம்மா எந்தக் கதைக்கும் நடுவில் நாலு கேள்வி கேட்பவள். அன்றைக்கு முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

"அந்தப் பொண்ணோட அம்மா கரையில நிக்கிறாளா?"

"நிக்கிறா."

"அந்தப் பொண்ணு கண்ணுக்கு அவ தெரியறாளா?"

"அதத்தாம்மா நானும் கேட்டுனு இருக்கேன். அது தெரியாமதான் படம் முடியல."

அம்மா அண்ணனிடம் கேட்பது காதில் விழுந்தது. "ஏயுமல, இஞ்சின் வந்ததும் ஓட்டிப் பாக்கப் போவ இல்ல? நானும் வரேன்."

5

நான் வேண்டாம் என்று கத்தினேன். அலை உடைகிற இடத்தில் படகு கவிழ்ந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. ஒரு படத்துக்காக, அதுவும் பென்சில் படத்துக்காக, என் அம்மாவைக் கடலில் அனுப்ப எனக்கென்ன பைத்தியமா? படிப்பும் வேண்டாம், வேலையும் வேண்டாம் என்றுகூடச் சொன்னேன். அண்ணனும் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் பயம் வேறு.

"நீ ஏறினா அப்பால வலையில ஒண்ணும் மாட்டாதுனு பேசுவானுங்கம்மா. கூட வர ஆளுங்களே நின்னுடுவானுங்க."

"வலைய ஏத்தாத. வலை இல்லன்னா அது படகே இல்லடா, வண்டி. வண்டில பொம்பள ஏறக் கூடாதுனு எவன் சொன்னான்?"

குப்பத்துப் பெரியவர்கள் வாசலில் வந்து கேட்டபோதும் இதையேதான் சொன்னாளாம். கடைசியில், வலை ஏற்றக் கூடாது, சீக்கிரம் திரும்பிவிட வேண்டும், வந்ததும் படகைக் கழுவிப் பூஜை போட வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். நைனா உயிரோடு இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். இதை அம்மாவே சொன்னாள்.

அவள் கடலுக்குப் போன அன்றைக்கு அங்கே மத்தியானம், எனக்குக் காலை வகுப்பு. போனை மேஜைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மார்லீன் என்னவோ கேட்டாள், நான் தமிழில் பதில் சொன்னேன். என்ன ஆயிற்று என்று கேட்டாள். "என் அம்மா கடலில் இருக்கிறாள்" என்றேன். அவள் பயந்துபோய் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். விடுமுறைக்குப் போயிருக்கிறாள் என்று நினைக்காமல் பயந்தாளே, அதுவே பெரிய விஷயம். போன் அடித்ததும் வராந்தாவுக்கு ஓடினேன்.

"பொடவையெல்லாம் தண்ணிடி. கொடலே வெளிய வந்துடுச்சி. இதுலயா உங்க நைனா தெனம் போயினு வந்தாரு? பாவம்டி அந்த மனுசன்."

"உனக்கு ஒண்ணும் ஆகலியேம்மா?"

"நான் நல்லாதான் கீறேன், கரைக்கு வந்துட்டேன். நீ பென்சில எடு. எழுதிக்கோ, மறந்துடுவேன்."

வராந்தா ஜன்னலில் தாளை வைத்துக்கொண்டு, அவள் சொல்லச் சொல்ல வரைந்தேன்.

"மொதல்ல மூஞ்சி போச்சி. உங்க அண்ணி கரையில நின்னுனு இருந்தா, செவப்புப் பொடவ. அலையத் தாண்டினதும் அவ மூஞ்சி இல்ல, வெறும் செவப்புதான் கீது. அப்பால அதுவும் போச்சி. ஆளே இல்ல, வூடுங்க மட்டும். அப்பால வூடும் இல்ல. மணல் எங்க போச்சினு தெரியல, மரமெல்லாம் தண்ணிலேர்ந்து மொளச்ச மாதிரி நிக்குது. ரொம்ப நேரம்லாம் இல்ல, சீக்கிரமே போயிடுது எல்லாம்."

"அப்போ அந்தப் பொண்ணுக்கு அவ அம்மா தெரியமாட்டா."

"தெரியமாட்டா. ஆனா நீ அவள எடுத்துடாத. அவ வூட்டுக்குப் போயிருக்க மாட்டா, அங்கயேதான் நிப்பா. ஒரு புள்ளியாவது வையி."

அதை முதலில் நான் சும்மா தலையாட்டித்தான் கேட்டுக்கொண்டேன். பிறகு வீட்டில் கட்டங்களை வரிசையாக ஒட்டும்போது, மரங்களும் மறைந்து தண்ணீர் மட்டும் இருக்கிற கடைசிக் கட்டத்திலும் பென்சில் முனையால் ஒரு புள்ளி வைத்தேன். யாழினி வந்து நின்று, முதல் கட்டத்திலிருந்து கடைசி வரைக்கும் பார்த்தாள். அவளாக வந்து என் படங்களைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இதில் நாம் கரையில் இருக்கிறோமா, கப்பலிலா?" என்று டச்சில் கேட்டாள்.

"உன் அம்மா படகில், உன் ஆயா கரையில்" என்றேன். அவளை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அவளும் கேட்கவில்லை.

6

அந்த நாளும் வந்தது. சுவருக்கு முன்னால் நின்று, என் ஓட்டை டச்சில் காத்தாயியைக் கப்பலேற்றினேன். முகம் போனது, சிவப்பு போனது, வீடுகள் போயின, மணல் போனது. வந்திருந்தவர்களில் கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து கிட்டே வந்து, கடைசிக் கட்டத்தில் இருக்கிற புள்ளி அழுக்கா என்று கேட்டார். அவள் அம்மா என்றேன். இத்தனை தூரத்தில் ஆள் தெரியாதே என்றார். தெரியாதுதான் என்று ஒத்துக்கொண்டேன். அவர் அந்தப் புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். ஆறு மாதம் வேலைக்கு வந்து பாருங்கள் என்று அவர் கம்பெனியிலிருந்துதான் சொன்னார்கள். மார்லீன் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் அவளை மேடம் என்று கூப்பிட்டுவிட்டேன், போகட்டும்.

மறுநாள் காலை ஊருக்குப் போன் போட்டேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மீன் ஏலத்தில் எல்லாரிடமும் சொல்லப் போவதாகச் சொன்னாள். வண்டியில் பெண் ஏறினால் வேலையே கிடைக்கிறது, பெரியவர்களிடம் போய்ச் சொல்லு என்று நான் கிண்டல் செய்தேன். சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கஸ்தூரி, அன்னிக்கே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீ மொத மொத அந்த ஊருக்குப் போனியே, அன்னிக்கி நான் ஏர்போட்டுக்கு வரல இல்ல?"

"முட்டி வலினு சொன்ன."

"முட்டிதான். ஆனா வூட்ல இருக்கல. கரைக்குப் போயி நின்னுனு இருந்தேன். கடல் மேல ஏரோப்ளேன் ஒண்ணு போச்சி. உங்க அண்ணன் சொன்ன நேரந்தான். அது மறையற வரிக்கும் முந்தானைய வீசினு நின்னேன். நீ மேலேர்ந்து பாத்துனுதான் போறன்னு நெனச்சினு இருந்தேன், இத்தினி வருசமா. ஒனக்குத் தெரிஞ்சிச்சா?"

இத்தனை வருஷத்தில் இதை ஒரு தடவைகூட அவள் சொன்னதில்லை. என் விமானம் மேற்கே துபாய்க்குப் போனது. கடல் மேல் போனது யாருடைய விமானமோ. எனக்குக் கிடைத்தது நடு சீட்டு. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் அதன் மறைப்பை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிவிட்டார். நான் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சிச்சிம்மா. நல்லா தெரிஞ்சிச்சி. பாத்துனேதான் போனேன்" என்றேன்.



"டபாய்க்காதடி" என்றாள் அம்மா. "நான்தான் போயி பாத்துட்டு வந்தேன் இல்ல."